வீட்டுக்குள் பாடாத பாட்டு

சீனாவில் கேட்ட நாட்டுப்பாட்டுகளைப் பற்றி மூன்று பேர் சொன்னவை இவை.

லான்சோ நகரில் மருத்துவம் படித்தபோது வகுப்புத் தோழன் ஒருவன் விடுமுறைக்குத் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். கான்சு மாகாணத்தின் தெற்கே, மலைப் பக்கம். இரவுச் சாப்பாட்டின்போது "உங்க ஊர் நாட்டுப்பாட்டு, ஹுவாஆர் ஒன்று பாடேன்" என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு மேட்டுக்குப் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். ஹுவாஆர் என்றால் பூ. பாட்டில் காதலியைப் பூ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர்கள் காதுபட வீட்டில் அதைப் பாடக் கூடாதாம், வெட்டவெளியில்தான் பாடலாம். சொல்லிவிட்டு ஒரு கையைக் காதருகே வைத்து, கள்ளக்குரலில் எடுத்தான் பாருங்கள், எதிர்மலை வரைக்கும் போயிருக்கும்.

அப்புறம் சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் லியென்ஹுவா மலையில் ஹுவாஆர் திருவிழா. வழியில் கயிற்றைக் குறுக்கே பிடித்து மறிக்கிறார்கள். பதில் பாட்டு பாடினால்தான் விடுவார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் அந்த இடத்திலேயே வரி கட்டி, பாடுகிறவர்கள் காதில் சொல்கிறார். எனக்குப் பிடித்தது அவரைத்தான். அவர் குரலே கேட்கவில்லை, ஆனால் பாட்டு முழுக்க அவருடையது! ஹான், ஹுய், சாலார் என்று பல இனத்தவர் பாடினாலும் மொழி பெரும்பாலும் சீனம்தான். 2009-இல் ஹுவாஆர் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

*

லான்சோவில் படித்தவரே, உங்கள் காதில் விழுந்த ஹுவாஆர் ஷான்க, அதாவது மலைப்பாட்டு வகை. நான் சோங்சிங்கில் வேலை பார்த்தபோது கேட்டது ஹாவ்ஸ, உழைப்புப் பாட்டு. யாங்சி ஆற்றில் எஞ்சின் வருவதற்கு முன் கரையிலிருந்து கயிறு கட்டிப் படகை இழுத்தவர்களின் பாட்டு. நம் ஏலேலோ மாதிரி ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள். நீர் அமைதியாக இருந்தால் குரலை நீட்டிப் பாடுவார்கள். சுழிப்பு வந்தால் வெறும் அதட்டல்தான். ஆற்றில் கேட்க ஆசைப்பட்டுப் போனேன், கிடைத்தது மேடையில்தான். பாடிய முதியவரின் தோளில் கயிறு இல்லை. ஆனாலும் கடைசி வரை உடம்பை முன்னால் சாய்த்தேதான் நின்றார்.

*

உங்கள் இருவரைப் போல இல்லை, எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஷியாவ்தியாவ், ஊர்ப்புறச் சிறுமெட்டு: ஜியாங்சு மாகாணத்தின் 'மல்லிகைப் பூ'. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினி, 1926-இல் அரங்கேறிய 'துரான்தோத்' இசைநாடகத்தில் எடுத்துக்கொண்ட அதே மெட்டு. அம்மாவுக்குப் போனில் முனகிக் காட்டினேன். "மோகனம்டி" என்றார். பாட்டு முடிகிற சுரத்தை ஆதாரமாக வைத்தால் சுத்த சாவேரி ராகம் என்கிறார் சித்தி. இரண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.