புல்தரை ஓரம் வெட்ட விலை குறைவான ட்ரிம்மர் எது? பெட்ரோலா, பேட்டரியா?

வேலியோரம்:
வீட்டைச் சுத்தி 200 சதுர மீட்டர் அளவுக்குப் புல்தரை இருக்கு. நடுப்பகுதிக்குத் தள்ளுற மெஷின் போதும். தொல்லை ஓரத்துலதான். வேலிக்கு அடியில, நடைபாதைக் கல் பக்கத்துல, போன வருஷம் நட்ட நாலு மரக்கன்றைச் சுத்தி அது போகாது. முன்னாடி கத்தரியால வெட்டிட்டு இருந்தேன், இப்ப முட்டி மடக்கி உட்கார முடியல. ஒயர்ல ஓடற சின்ன ட்ரிம்மர் ஒண்ணு வாங்கினேன். ரெண்டாவது வருஷமே கருகின வாசனை வந்து நின்னுபோச்சு.

பெரிய தொகை போட முடியாது. ஆனா மறுபடியும் ரெண்டு வருஷத்துல தூக்கிப் போடற பொருளை வாங்கவும் மனசில்லை. பெட்டியில சிசி, வோல்ட், வாட், ஆம்பியர்னு என்னென்னமோ போட்டிருக்கு. எதைப் பார்த்து வாங்கணும்?

பழைய ஸ்பேனர்:
புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பழசு ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கணும். ரெண்டு கேள்வி. எக்ஸ்டென்ஷன் ஒயர் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்? மெஷினோட சுத்தற தலைக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் கவசத்தைக் கழட்டிட்டு ஓட்டினீங்களா?

வேலியோரம்:
ஒயர் 30 மீட்டர், மெல்லிசுதான், வீட்டுல மேஜை விளக்குக்குப் போடற மாதிரி. கவசத்தைக் கழட்டிட்டேன், சரிதான். புல் வந்து அடைச்சுக்குதேன்னு கழட்டினேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

பழைய ஸ்பேனர்:
நிறைய சம்பந்தம் இருக்கு. அந்தக் கவசத்தோட விளிம்புல ஒரு குட்டி பிளேடு இருக்கும். புல்லை வெட்டற நைலான் இழை, அதான் நரம்பு, நீளமா வெளியே வந்தா அளவா நறுக்கிவிடறது அதுதான். அது இல்லன்னா நரம்பு நீண்டுகிட்டே போகும், மோட்டார் தன் சக்திக்கு மேல இழுக்கும். மெல்லிசான நீள ஒயர்ல வோல்டேஜும் இறங்கிடும். வேகம் குறைஞ்சா மோட்டாரைக் குளிர வைக்கற விசிறியும் மெதுவாத்தான் சுத்தும், ஏன்னா ரெண்டும் ஒரே அச்சுல இருக்கு. சுமை கூட, காத்து குறைய, கம்பிச்சுருள் கருகிடுச்சு. கவசம் இல்லாம ஓட்டினா கல்லு நேரா முகத்துக்கு வரும்ங்கறது தனி. இனிமே எந்த மெஷின் வாங்கினாலும் கவசத்தைத் தொடாதீங்க. கண்ணாடியும் மூடின செருப்பும் இல்லாம ஸ்விட்சை அழுத்தாதீங்க.

இப்ப வாங்கற விஷயம். உங்க இடத்துக்குப் பெட்ரோல் வேண்டாம். நான் பல வருஷமா சின்ன இன்ஜின் பழுது பார்க்கறேன். மேஜைக்கு வர்ற பெட்ரோல் ட்ரிம்மர்ல பெரும்பாலும் உடைஞ்சதுன்னு ஒண்ணும் இருக்காது. மாசக்கணக்கா டேங்க்ல கிடந்த பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டர்ல பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்னா பெட்ரோல்ல ஆயிலும் கலக்கணும். 50:1னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 25:1னா 40 மில்லி. கலக்காம வெறும் பெட்ரோல் ஊத்தி பிஸ்டன் இறுகிப்போன மெஷினைப் பார்த்தா எனக்கு மனசு வலிக்கும், நல்ல இன்ஜின் அநியாயமா சாகுது. வாரம் தவறாம மணிக்கணக்கா வேலை இருக்கறவங்களுக்குப் பெட்ரோல் சரி. உங்களுக்கு ஓர வேலை இருபது நிமிஷம் இருக்குமா?

பேட்டரி எடுங்க. 18 வோல்ட், 20 வோல்ட்னு ரெண்டு பெட்டியைப் பார்த்துக் குழம்பாதீங்க. ரெண்டுலயும் உள்ளே வரிசையா அஞ்சு செல்தான். ஒரு செல்லுக்குச் சராசரியா 3.6 வோல்ட்னு கணக்கு போட்டா 18, முழு சார்ஜுல சுமார் 4 வோல்ட்னு போட்டா 20. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்க, எவ்வளவு நேரம் ஓடும்னு ஒப்பிட அதுதான் அளவு. 2 ஆம்பியர்-ஹவர்னா 18 × 2 = 36, 4 ஆம்பியர்-ஹவர்னா 18 × 4 = 72. ரெண்டாவது சுமார் இரண்டு மடங்கு நேரம் ஓடும். பேட்டரி தனியா என்ன விலைன்னு கேட்காம மெஷினை வாங்காதீங்க. மலிவு மெஷின்ல மாட்டிக்கறது அங்கேதான். வீட்டுல டிரில் ஏதாவது இருந்து, அதே பேட்டரி பொருந்தும்னா மெஷினை மட்டும் வாங்கினாப் போதும்.

அடுத்து, நான் முக்கியமா நினைக்கறது: தலை. மோட்டாருக்கு முன்னாடி சாகறது தலைதான். தரையில தட்டினா நரம்பு நீளற மாதிரி தலைன்னா, அடியில தட்டு வாங்கற குமிழ் எவ்வளவு தடிமன்னு பாருங்க, தினமும் தேயறது அது. வாங்கறதுக்கு முன்னாடியே தலையைத் திறந்து, நரம்பு சுத்தியிருக்கற உருளையை, அதான் ஸ்பூலை, கழட்டி மாட்டிப் பாருங்க. மாற்று ஸ்பூல் தனியா கிடைக்காதுன்னா அந்த மெஷின் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம். நரம்பு 1.6 மில்லிமீட்டர்னு சொல்லியிருந்தா அதையே போடுங்க. தடிமனா 2.4 போட்டா நல்லா வெட்டும்னு தோணும், மறுபடியும் மோட்டாருக்குத்தான் சுமை.

ஈரமண்:
தண்டு நேரா இருக்கறதைப் பாருங்க. வளைஞ்ச தண்டு விலை குறைவு, எடையும் குறைவு, ஆனா வேலிக்கு அடியில நுழையாது, குனிய வேண்டி வரும். முட்டி வலின்னு வேற சொல்றீங்க. பேட்டரியை மாட்டித் தூக்கிப் பார்த்துட்டு வாங்குங்க. பெட்டியில போட்டிருக்கற எடை சிலதுல பேட்டரி இல்லாம சொன்னதா இருக்கும்.

இன்னொண்ணு, அந்த நாலு மரக்கன்று. பட்டையோட உள்பக்கம் வழியாத்தான் இலையில உண்டான சத்து வேருக்கு இறங்குது. நரம்பு பட்டுச் சுத்திவர உரிஞ்சா மரம் பட்டுப்போயிடும். எனக்கு அப்படி ஒரு மாங்கன்று போச்சு, இன்னும் ஆறல. அடித்தண்டைச் சுத்தி ரெண்டு சாண் அகலத்துக்குப் புல்லே இல்லாம செதுக்கி, சருகு போட்டு மூடிடுங்க. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. அங்கே ட்ரிம்மர் போகவே வேண்டாம்.

பழைய ஸ்பேனர்:
மரத்தைப் பத்தி சொன்னதுக்கு நன்றி, நான் விட்டுட்டேன். கல் ஓரத்துலயும் கைப்பக்குவம் வேணும். வெட்டறது நரம்போட நுனி. 1971ல ஹூஸ்டன்ல ஜார்ஜ் பல்லாஸ்ங்கறவர், கார் கழுவற இடத்துல சுத்தற நைலான் பிரஷ்ஷைப் பார்த்துட்டுத்தான் இந்த நரம்பு ட்ரிம்மரை யோசிச்சார். தகர டப்பாவுல ஓட்டை போட்டு மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுத்தவிட்டார். வேகத்துல விறைச்சு நிக்கும், கெட்டியானது தடுத்தா வளைஞ்சு கொடுக்கும். அதனால உள்ளே திணிக்காம, நுனி மட்டும் படற மாதிரி தள்ளிப் பிடிங்க. நரம்பும் மிச்சம், சத்தமும் குறையும்.

வேலியோரம்:
ஒயரும் கவசமும்தான் காரணம்னு இப்பத்தான் புரியுது. டிரில் பேட்டரியை எடுத்துப் பார்த்தேன், 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர். அதே கம்பெனில நேர்தண்டு ட்ரிம்மர் மட்டும் தனியா கிடைக்குது. ஸ்பூலும் தனியா இருக்கு. அதையே எடுக்கறேன். பழைய மெஷினோட நரம்பு ஒரு கட்டு மிச்சமிருக்கு, 1.6தான். தொட்டா ஒடியுது. தூக்கிப் போட்டுடவா?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம். நைலான் காஞ்சா மொறுமொறுன்னு ஆயிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு எடுத்து வளைச்சுப் பாருங்க. அப்பவும் ஒடிஞ்சா வெயில்ல கிடந்து கெட்டது, அப்ப தூக்கிப் போடுங்க. சுத்தும்போது ஸ்பூல்ல இருக்கற அம்புக்குறிப் பக்கமாவே, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சுத்துங்க.