அம்மாவால் தலை பின்ன முடியவில்லை: தோள்பட்டையை இழுத்துவிடுவது சரியா?

சேலத்து மகள்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நாலு மாதமாக இடது தோள்பட்டையில் வலி. கீழே விழவில்லை, அடிபடவில்லை. முதலில் ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தவித்தார். இப்போது பின்னல் போடக்கூட என்னைக் கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அத்தை சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப் போனார். அவர் கையைப் பிடித்து ஒரே வெட்டாக மேலே தூக்கினார். அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வலி கூடிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். எம்ஆர்ஐ எடுக்கணுமா? கைக்கு வேலை கொடுக்கலாமா, ஓய்வு கொடுக்கணுமா?

பிசியோ அண்ணன்:
சகோதரி, முதலில் அந்த இழுவையை நிறுத்துங்கள். இனி யாரும் அம்மா கையை வெட்டி இழுக்கக் கூடாது.

பதினாறு வருடமாகத் தோள்பட்டைகளைப் பார்த்து வருகிறேன். நீங்கள் சொல்வது ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரி இருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் இதற்குப் பொருந்தும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அம்மாவை மல்லாந்து படுக்க வைத்து, மடித்த துண்டு ஒன்றை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வையுங்கள். முழங்கையை மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் நீங்களே திருப்புங்கள். வலித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வலது கையிலும் அதையே செய்து பாருங்கள். தசைநார் கிழிந்திருந்தால், அவரால் தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் நாம் தூக்கிவிடலாம். உறை இறுகியிருந்தால் அவர் முயன்றாலும் நாம் முயன்றாலும் ஒரே இடத்தில் நின்றுவிடும். இது பொருந்தி வந்தால் உடனே எம்ஆர்ஐக்குச் செலவு செய்ய வேண்டியிருக்காது. ஆனாலும் ஒரு எலும்பு மருத்துவரோ பிசியோவோ நேரில் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இடது தோள், கூடவே சர்க்கரை என்பதால் இதய வலியா என்பதையும் யோசிக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது வலி வந்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ பிசியோவைத் தேடாமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஓய்வு என்று கையைக் கட்டிப்போட வேண்டாம். இப்போதைக்கு வலியைக் கிளப்பாத அசைவு போதும். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டினால் கை தானாக ஆடும். கோட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரில் வழங்கும் பயிற்சி இது. ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரும் 1934இல் அவர் வைத்ததுதான். ராத்திரியில் வருகிற வலி நாளடைவில் அடங்கிய பிறகு, சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றும் பயிற்சி. என்னிடம் வந்த பூக்கட்டும் அம்மா ஒருவர் சுவரில் கரிக்கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வந்தார். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் சில வாரம் ஒரு விரல்கடைதான் இடைவெளி. ஏழு மாதத்தில் கோடு கடிகார ஆணிக்கு மேலே போயிருந்தது.

வேன் ஓட்டுநர்:
தங்கச்சி, எனக்கு வலது தோள். கியர் போடவே உயிர் போகும். ஆரம்பத்திலேயே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ஒரு வாரத்தில் தூக்கம் வந்தது. ஆனால் மறுநாள் சர்க்கரை 300ஐத் தாண்டிவிட்டது, நாலைந்து நாள் இறங்கவில்லை. அம்மாவுக்கு ஊசி என்றால் சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எனக்கு முழுசாகச் சரியாக ஒன்றரை வருடம் ஆனது.

சேலத்து மகள்:
துண்டு வைத்துப் பார்த்தேன். வலது கை நன்றாகத் திரும்பியது. இடது கை கொஞ்சம் திரும்பியதும் கதவில் முட்டின மாதிரி நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினால் வலி இல்லை. ஒருவர் ஆபரேஷன்தான் வழி என்கிறார், பயமாக இருக்கிறது.

பிசியோ அண்ணன்:
நாலே மாதத்தில் அதற்கு அவசரமில்லை. பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மயக்கம் கொடுத்துக் கையை அசைத்துவிடுவது, துளைவழி அறுவை, ஊசியோடு சேர்ந்த பிசியோ என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேலில்லை. ஊசியையும் பிசியோவையும் முதலில் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லி, இடது முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிடுங்கள்.