ஆறு பகுதித் துப்பறியும் தொடர்: மூண்டாம் பகுதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடிக்கினம், எங்க பிழை?

பனங்கூடல் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கம் நடக்கிற மாதிரி யூடியூப்புக்கு ஒரு தொடர் எழுதுறம். ஆறு பகுதி, ஒவ்வொண்டும் 30 நிமிசம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின்ர உடல் காலமை அவரின்ர தோட்டக் கிணத்துக்குள்ள கிடக்குது. சந்தேகப்படக்கூடிய ஆக்கள் ஐஞ்சு பேர்: மகன், மருமகள், பக்கத்துக் காணிக்காரர், வட்டிக்குக் காசு குடுக்கிறவர், குடும்ப நண்பர். செய்தது நண்பர்.

பிரதியை வாசிச்ச ஏழு பேரில ஐஞ்சு பேர் மூண்டாம் பகுதியிலேயே நண்பரைச் சொல்லிப்போட்டினம். டொக்டர் "இரவு பத்துக்கும் பதினொண்டுக்கும் இடையில செத்திருக்கிறார்" எண்டு சொல்லுறதிலதான் அந்த நேரம் தாங்கள் எங்க நிண்டது எண்டு சந்தேகநபர் எல்லாரும் சொல்லுற கதை நிக்குது. கடைசிப் பகுதியில நண்பர் பொலிஸ் நிலையத்தில அழுது ஒப்புக்கொள்ளுறார். எதை மாத்த வேணும்?

கேணியடி:

மகனுக்குக் கடன், மருமகளுக்குச் சீதனக் காணி, பக்கத்து வீட்டாருக்கு எல்லைச் சண்டை, வட்டிக்காரருக்கு வராத காசு. நண்பருக்கு? கதையில அவருக்கு வேற வேலையே இல்லை. வேலை இல்லாத ஆள் ஒவ்வொரு பகுதியிலயும் வந்து போனால் பாக்கிற சனம் உடன கணக்குப் போடும். நடிகர் தெரிவிலயும் இதே பிழை வரும்: தெரிஞ்ச முகத்துக்குச் சின்னப் பாத்திரம் குடுத்தால் முதல் பகுதியிலேயே விசயம் வெளிச்சம்.

அவருக்கு ஒரு வேலை குடுங்கோ. எங்கட ஊரில அது சுகம், செத்தவீட்டை அவரே நடத்தட்டும். பந்தல், ஐயர், பறை, வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் தகவல், எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) எல்லாம் அவர் தலையில. அப்ப அவர் ஏன் ஒவ்வொரு காட்சியிலயும் நிக்கிறார் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். கதைக்கு ஒரு மணிக்கூடும் கிடைக்குது: முதல் பகுதி உடல் கிடைச்ச நாள், மூண்டாவது எட்டுச் செலவு, ஆறாவது 31 ஆம் நாள் கீரிமலையில அந்தியேட்டிச் சடங்கு.

மற்ற நாலு பேரையும் சும்மா முழிக்க விடாதேங்கோ. பொய்த் தடயம் எண்டால் அந்த ஆள் உண்மையிலேயே ஏதோ ஒண்டை மறைக்க வேணும், அது கொலையா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்துக் காணிக்காரரை அதே காணியில பங்குக்காரராக்கினால் நல்லது. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையில பங்குக்காரருக்கு முன்வாங்கும் உரிமை இருக்கு, அதாவது பங்கை விக்கேக்க வெளியாளுக்கு முதல் அவர் வாங்கலாம். அவருக்கு அறிவிக்காமல் தபாலதிபர் தன்ர பங்கை வெளியாளுக்கு வித்துக் காணி உறுதி முடிக்கப் பாத்தார் எண்டால் கோவத்துக்குக் காரணம் வலுவா இருக்கும். அந்த முடிச்சை நாலாம் பகுதியில முழுசா அவிழ்த்துவிடுங்கோ. இழுத்துக்கொண்டு போனால் சனம் ஏமாத்தினதா நினைக்கும்.

கறுப்புக்கோட்டு:

ஒப்புதல் காட்சியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இலங்கையில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது (1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், பிரிவு 25). அவர் எவ்வளவு அழுதாலும் வழக்கு ஓர் அங்குலம் நகராது.

ஆனால் அதே சட்டத்தின் 27 ஆம் பிரிவு உங்களுக்கு இன்னும் நல்ல காட்சியைத் தருகிறது. தடுப்பில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புபட்ட பகுதியை மட்டும் சாட்சியமாக்கலாம். "அலவாங்கைப் (கடப்பாரையை) பனங்காணியில் தாட்டிருக்கிறேன்" என்பது உள்ளே வரும், "அதால்தான் அடித்தேன்" என்பது வராது. விசாரணை அதிகாரி அந்த முதல் வாக்கியத்துக்காகக் காத்திருக்கட்டும். பதற்றம் அங்கே தானாக வரும்.

நேரக் கணக்கையும் சரிசெய்யுங்கள். சாதாரண சட்டத்தின் கீழ் பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்து ஆளை மூன்று நாள் விசாரணை அறையில் வைத்திருக்கும் காட்சி எழுதினால், இங்கே அதை ஒரு வழக்கறிஞர் உடனே பிடித்துவிடுவார். கிணற்றடியில் பொறுப்பதிகாரி தானே உடலைப் புரட்டிப் பார்ப்பதும் வேண்டாம். நீதவான் அல்லது திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்வையிட்ட பிறகு, பிரேத பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். சந்தேகம் இருந்தால் உடலை எரிக்காமல் புதைக்கும்படி நீதவான் உத்தரவிடலாம். எரிப்பதே வழக்கமான ஒரு சைவக் குடும்பத்தில் அந்த உத்தரவு எப்படி விழும் என்று யோசியுங்கள். அப்போது "எரிச்சுப்போடுவம், ஐயாவின்ர ஆசை அது" என்று மன்றாடுபவர் நண்பராக இருக்கட்டும்.

சாமக்கோழி:

பத்துக்கும் பதினொண்டுக்கும் இடையில எண்டு எந்த டொக்டரும் சொல்லமாட்டார். உடம்பு 37 பாகை, கிணத்துத் தண்ணி 28 பாகை எண்டு வைப்பம். இடைவெளி ஒன்பது பாகைதான். தண்ணிக்குள்ள உடம்பு காத்தில இருக்கிறதை விடக் கெதியாக் குளிரும், ரெண்டும் சமனான பிறகு வெப்பநிலை ஒண்டும் சொல்லாது. விறைப்பு தாடையில ரெண்டு தொடக்கம் நாலு மணித்தியாலத்தில துவங்கி, 12 மணித்தியாலம் அளவில உடம்பு முழுக்கப் பரவும். எங்கட வெக்கையில அதுவும் முன்பின்னாகும். ஆறு ஏழு மணித்தியால இடைவெளி சொன்னால்தான் நம்பலாம்.

கதைக்கு நேரத்தை விட இரத்தத் தேக்கம், அதாவது செத்த பிறகு இரத்தம் உடம்பின்ர கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கி நிக்கிற நிறம், பிரயோசனம். தண்ணியில கிடக்கிற உடல் பெரும்பாலும் குப்புற, தலையும் கைகாலும் கீழ தொங்கினபடி நிக்கும், தேக்கம் முகத்திலயும் கைகாலிலயும் தெரியும். முதுகில அது உறைஞ்சு நிண்டால், ஆள் செத்த பிறகு எட்டுப் பத்து மணித்தியாலம் மல்லாக்கக் கிடந்து பேந்துதான் கிணத்துக்குள்ள போயிருக்கிறார். அப்ப காலமை கிடைச்ச உடலுக்குச் சாவு முதல்நாள் பின்னேரமே நடந்திருக்கு. இரவுக்கு மட்டும் கதை வைச்சிருந்த ஐஞ்சு பேரும் ஒரே வசனத்தில திரும்பச் சந்தேகத்துக்குள்ள வருவினம். இதை ரெண்டாம் பகுதி முடிவில வையுங்கோ.

மரபணு முடிவு அடுத்த நாள் வராது. மாதிரி கொழும்புக்குப் போய் வர வாரங்கள், மாதங்கள் எடுக்கும். உங்கட 31 நாளுக்குள்ள அதை நம்பாதேங்கோ.

பனங்கூடல்:

முதுகுத் தேக்கம் நல்ல திருப்பம், நன்றி. ஆனால் இன்னும் நண்பரைப் பிடிச்சுக் குடுக்கிற தடயம் இல்லை. சனத்துக்கு முன்னாலயே காட்டவும் வேணும், தெரியவும் கூடாது. எப்பிடி?

கேணியடி:

தடயத்தை ஒரு உதவிக்குள்ள ஒளியுங்கோ. ஆள் விழுந்த கிணத்தை இறைக்கிறது வழமைதானே. ரெண்டாம் நாள் நண்பர் எங்கயோ வாட்டர் பம்ப் இரவல் வாங்கிவந்து, கிணத்தை அடிவரை இறைச்சுச் சுத்தமாக்குறார். அந்தக் காட்சியின்ர பேச்சு முழுக்க வேற விசயமா இருக்கட்டும். மருமகளும் மகனும் உறுதியைப் பற்றி வாய்த்தர்க்கம், பின்னால பம்ப் சத்தம். கமரா பம்பில ஐஞ்சு விநாடிக்கு மேல நிக்கக் கூடாது, கிட்டக் காட்டவும் கூடாது. கிட்டக் காட்டினால் அது தடயம் எண்டு சனத்துக்கு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி. பேந்து ரெண்டு பகுதிக்கு அதைத் தொடவே வேண்டாம்.

சாமக்கோழி:

அதில இன்னொண்டும் பொருந்துது. மூழ்கிச் செத்தாரா எண்டு பாக்க டயற்றம் எண்ட நுண்ணிய பாசியை உடம்பில தேடி, அதே கிணத்துத் தண்ணியோட ஒப்பிடுவினம். இறைச்ச பிறகு ஊறுற தண்ணி பழைய தண்ணி இல்லை. ஐஞ்சாம் பகுதியில சட்ட வைத்திய அதிகாரி கிணத்துத் தண்ணி கேக்கட்டும். "கிணத்தை இறைக்கச் சொன்னது ஆர்?" எண்ட கேள்வி அப்பதான் வரவேணும். மகன், மருமகள் ரெண்டு பேரும் "நாங்கள் சொல்லேல்லையே" எண்டுவினம்.

கேணியடி:

அந்தக் கேள்வியோட ஐஞ்சாம் பகுதியை வெட்டுங்கோ, பதில் வேண்டாம். ஆறாம் பகுதியில ஒப்புதலும் தேவையில்லை, கறுப்புக்கோட்டு சொன்ன அலவாங்கு போதும்.

எல்லாம் செய்து பாத்தும் நண்பரை மறைக்க ஏலாமல் போனால், முதல் காட்சியிலேயே அவர் செய்யிறதைக் காட்டிப்போடுங்கோ. கொலம்போ எண்ட அமெரிக்கத் துப்பறியும் தொடர் 1971 இல தொடராக வரேக்க அப்பிடித்தான் போனது: ஆர் செய்தது எண்டு சனத்துக்குத் தெரியும், எப்பிடிப் பிடிபடுவார் எண்டுதான் இருந்து பாத்தினம். அந்த முறைக்கு ஐஞ்சு சந்தேகநபர் தேவையில்லை, செலவும் குறையும். ஆனால் அப்ப பம்ப் காட்சியை மறைக்காமல், முழுசா, நண்பரின்ர முகத்தில வைச்சு எடுக்க வேணும்.