க்ளாக் ட்ரிகர் உண்மையிலேயே மோசமா, நம் விரல்தான் பழகவில்லையா?

நடுப்புள்ளி:
நேற்று க்ளாக் 17, வால்தர் பிபிக்யூ, எச்கே விபி9 என்ற மூன்று கைத்துப்பாக்கிகளையும் அடுத்தடுத்துச் சுடும் வாய்ப்பு கிடைத்தது. மூன்றுமே பாலிமர் (பிளாஸ்டிக்) பிரேம், ஸ்ட்ரைக்கர் வகை, அதாவது சுத்தியலுக்குப் பதில் ஸ்பிரிங் தள்ளும் ஊசி தோட்டாவை அடிக்கும். மூன்றுக்கும் நிறுவனங்கள் சொல்லும் ட்ரிகர் எடையும் (இழுக்கத் தேவையான விசை) ஏறக்குறைய 2.5 கிலோதான். ஆனால் விரலுக்கு மூன்றும் வேறு வேறு. பிபிக்யூவில் ஆரம்பத் தளர்வு முடிந்ததும் தெளிவாக ஒரு முட்டு, அங்கிருந்து கொஞ்சம் அழுத்தினால் பட்டென்று விடுபடுகிறது, ரீசெட்டுக்கு, அதாவது ட்ரிகர் அடுத்த குண்டுக்குத் தயாராக, விரலை வெறும் இரண்டரை மில்லிமீட்டர் விட்டால் போதும். விபி9 அதற்கு மிக அருகில். க்ளாக்கில் முட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, ரப்பரை இழுப்பது மாதிரி இழுத்துக்கொண்டே போய் எங்கோ ஓரிடத்தில் வெடிக்கிறது. ஆஸ்திரிய ராணுவம் 1982ல் எடுத்துக்கொண்ட வடிவம், சரி, அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்றைக்கும் அதே ட்ரிகரை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கருவேலன்:
நண்பரே, நீங்கள் சொல்வது மேஜையில் வைத்து வெறுமனே இழுத்துப் பார்க்கும் சுகம். அதற்கும் குண்டு எங்கே விழுகிறது என்பதற்கும் உள்ள தொடர்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு சோதனை சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் மேகசினைக் கொடுத்து, நடுநடுவே வெடிக்காத டம்மி ரவுண்டுகளை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது முன்குறி கீழே குதிக்கிறதா பாருங்கள். குதித்தால் அது க்ளாக்கின் குற்றமில்லை, வெடிக்கப் போகிறதே என்று உங்கள் மணிக்கட்டு முன்கூட்டியே தள்ளுகிறது, அவ்வளவுதான். நான் பல வருடம் ட்ரிகரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், கனெக்டர் (இழுப்பின் முடிவில் ஸ்ட்ரைக்கரை விடுவிக்க வைக்கும் சிறு தகடு) மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன், குறிக்குக் கீழே இடப்பக்கம் விழுந்த குண்டுகள் அங்கேயே விழுந்தன.

அப்புறம், லேசான ட்ரிகர் வேண்டும் என்று கேட்பவர்கள் சிக் பி320 கைத்துப்பாக்கியின் கதையை மறக்கக் கூடாது. கீழே விழுந்தாலே சுட்டது.

பட்டறைக்காரன்:
கருவேலன், கடைசி வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. 2017ல் வெளிவந்த பி320 சிக்கலுக்குக் காரணம் இழுப்பு லேசாக இருந்ததல்ல. துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது ட்ரிகர் பாகமே தன் சொந்த எடையின் வேகத்தில் பின்னால் நகர்ந்தது. அதனால்தான் நிறுவனம் செய்த திருத்தத்தில் எடை குறைந்த ட்ரிகர் பாகமே ஒரு முக்கிய மாற்றம். விரல் உணரும் இழுப்பு எடையையும் ட்ரிகரின் சொந்த எடையையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

நடுப்புள்ளி கேட்டதற்கு வருகிறேன். பிபிக்யூவில் ஸ்லைடு (மேலே நகரும் பாகம்) பின்னால் போய் வரும்போதே ஸ்ட்ரைக்கர் கிட்டத்தட்ட முழுவதும் இழுபட்டு நிற்கிறது, உங்கள் விரல் அதை விடுவிக்க மட்டும் செய்கிறது. க்ளாக்கில் ஸ்ட்ரைக்கர் பாதிதான் இழுபட்டிருக்கும், மீதியை உங்கள் விரல் இழுத்து முடிக்க வேண்டும். அதே இழுப்பில் ட்ரிகர் பார் (ட்ரிகரோடு சேர்ந்து நகரும் கம்பி) ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் பாதுகாப்பு முளையை மேலே தள்ளுகிறது, கடைசியில் கனெக்டரின் சரிவில் உரசிக் கீழே இறங்குகிறது. நீங்கள் ரப்பர் என்று சொல்வது இந்த மூன்று வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைத்தான். மோசமான தயாரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, அந்த வடிவம் அப்படித்தான் இழுபடும்.

இன்னொன்று, பலர் நம்ப மாட்டார்கள்: நான்காம் தலைமுறை வரைக்குமான க்ளாக்கில் வழக்கமான ட்ரிகர் ஸ்பிரிங் உங்கள் விரலுக்கு எதிராக இல்லை, உதவியாக இழுக்கிறது. அதனால் அதைவிட வலுவான ட்ரிகர் ஸ்பிரிங் போட்டால் இழுப்பு லேசாகும். கருவேலன் எந்த ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் மாற்றினார் என்று தெரிந்தால் நல்லது.

நடுப்புள்ளி:
விளக்கத்துக்கு நன்றி, ஆனால் அது என் பக்கத்தைத்தானே பலப்படுத்துகிறது? காரணம் தெரிந்துவிட்டதால் இழுப்பு நன்றாகிவிடாது. இழுப்பு எடை கூடினால் குறி கெடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. நியூயார்க் காவல்துறை பாதுகாப்புக்காக 5 கிலோவுக்கும் மேல் இழுக்க வேண்டிய க்ளாக்கைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது, அதில் நன்றாகச் சுடுவது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்குத் தெரியும். முதல் பாலிமர் கைத்துப்பாக்கியான 1970ன் எச்கே விபி70ஐ இன்றும் அதன் கனத்த இழுப்புக்காகத்தான் பேசுகிறார்கள். ட்ரிகர் முக்கியமில்லை என்றால் இதெல்லாம் ஏன்?

தென்றல்22:
நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இருந்து வந்தவள். அங்கே விதிப்படி ட்ரிகர் எடை குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலில் 1000 கிராம். அதனால் நீங்கள் எல்லாரும் பேசும் 2.5 கிலோ எனக்கு முதலில் மலையாகத்தான் இருந்தது.

நடுப்புள்ளி, கருவேலன் இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். காலி மேகசினோடு க்ளாக் 17 சுமார் 700 கிராம். அதை 2.5 கிலோ விசையில் இழுக்கிறோம், துப்பாக்கியின் எடையைப் போல மூன்றரை மடங்கு. பழைய இரும்பு வகைக் கைத்துப்பாக்கியான 1911 ஒரு கிலோவுக்கு மேல், அதன் இழுப்போ பொதுவாக இதைவிடக் குறைவு. பாலிமரில் விரல் கொஞ்சம் பிசகினாலும் மொத்தத் துப்பாக்கியும் நகர்வது இதனால்தான். ஆகவே இந்த வகையில் பிடியும் ட்ரிகரும் தனித்தனி விஷயங்கள் இல்லை. இடது கையால் இறுக்கிப் பிடித்தபின் எனக்கு ரப்பர் இழுப்பே பாதி மறைந்துவிட்டது.

கொக்கித் தராசு வைத்து இழுப்பு எடையை அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1911 ட்ரிகர் நேராகப் பின்னால் போகும். இந்த பாலிமர் துப்பாக்கிகளில் அது மேலே ஒரு பின்னில் தொங்கி ஆடும் நெம்புகோல். கொக்கியை நுனியில் மாட்டினால் குறைவாகவும் நடுவில் மாட்டினால் அதிகமாகவும் காட்டும். எங்கே மாட்டி அளந்தோம் என்று சொல்லாமல் எடையை மட்டும் ஒப்பிடுவதில் பயனே இல்லை. சிறிய கை உள்ளவர்களின் விரல் எந்த உயரத்தில் படுகிறது என்பதாலேயே அதே ட்ரிகர் அவர்களுக்குக் கனமாகிவிடும்.

கருவேலன்:
பி320 பற்றி நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஸ்பிரிங் விஷயத்திலும் பட்டறைக்காரன் கேட்டது சரிதான், நான் மாற்றியது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங். அது லேசானதும் சில தோட்டாக்கள் வெடிக்காமல் நின்றன, உடனே பழையதைத் திரும்பப் போட்டேன்.

ஆனால் ரீசெட்டை வைத்துப் பெருமை பேசுவதை நான் ஏற்க மாட்டேன். வேகமாகச் சுடும்போது யாரும் விரலை இரண்டரை மில்லிமீட்டரில் நிறுத்தி 'கிளிக்' கேட்டுக்கொண்டிருப்பதில்லை, பின்னுதைப்பு நடக்கும்போதே விரல் முழுவதும் முன்னால் போய்த் திரும்பிவிடுகிறது. ரீசெட்டைத் தேடித் தேடிச் சுடப் பழகியவர்கள் வேகம் கூடியதும் ட்ரிகரிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நடுப்புள்ளி:
இன்று டம்மி சோதனை செய்தேன். க்ளாக்கில் முன்குறி குதித்தது. பிபிக்யூவிலும் குதித்தது, கொஞ்சமும் குறையாமல். அதில் கருவேலன் சொன்னதுதான் உண்மை.

ஆனால் 25 மீட்டரில் அவசரமில்லாமல் ஐந்து ஐந்தாகச் சுட்டபோது பிபிக்யூ குண்டுகள் ஒவ்வொரு முறையும் நெருக்கமாக விழுந்தன. முட்டில் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, அப்புறம் விடலாம். க்ளாக்கில் அந்த நிறுத்தம் எனக்குக் கிடைக்கவில்லை. மெதுவாகச் சுடுவதில் ட்ரிகர் முக்கியம் என்பதை நான் விடப்போவதில்லை.

கருவேலன்:
மெதுவாகச் சுடுவதில் சரி, ஒப்புக்கொள்கிறேன். 7 மீட்டரில், நேரம் வைத்து, இரண்டையும் சுட்டுவிட்டு வாருங்கள். அங்கே வித்தியாசம் காட்டினால் நானே பிபிக்யூ வாங்குகிறேன்.

பட்டறைக்காரன்:
அதற்குள் யாரும் உப்புத்தாளோடு கனெக்டர் பக்கம் போக வேண்டாம். சரிவின் கோணம் மாறினால் பிறகு அந்தப் பாகத்தை எறியத்தான் வேண்டும். வீட்டில் வெறுமனே இழுத்துப் பழகுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.