இழுத்தால் வராத சீட் பெல்ட்: உங்கள் அனுபவம் என்ன?

மஞ்சக்குப்பம், கடலூர்:
தேவனாம்பட்டினம் பீச்சில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஒரு பக்கச் சக்கரங்களை மணல் சரிவில் இறக்கித்தான் காரை நிறுத்த முடிந்தது. கிளம்பும்போது மாமாவின் பெல்ட் ஒரு சாண்கூட வரவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கு வெடுக்கென்று இழுக்கிறார், அது அசையவே இல்லை. மெக்கானிக்குக்குப் போனே போட்டுவிட்டார்.

கோளாறே கிடையாது. பெல்ட் சுருளும் பெட்டி கதவுத் தூணின் அடியில் இருக்கிறது. பல வண்டிகளில் அதற்குள் ஒரு சின்னக் குழியில் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். வண்டி சடாரென நின்றாலோ சாய்ந்தாலோ குண்டு உருண்டு மேலே உள்ள நெம்புகோலைத் தூக்கும், அது பெல்ட் சுருளோடு சுற்றும் பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தாலும் பூட்டிக்கொள்ளத் தனி ஏற்பாடு உண்டு. மாமா இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்! காரைச் சமதளத்துக்கு ஏற்றி, பெல்ட்டைக் கொஞ்சம் உள்ளே போகவிட்டு, மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது.

முதலியார்பேட்டை, புதுச்சேரி:
எனக்கு நேர் எதிர், அண்ணே. வெளியே வரும், திரும்ப உள்ளே போகாது. "ஸ்பிரிங் போச்சு, பெட்டியைப் பிரிச்சிடலாம்" என்றார் ஒரு கடைக்காரர். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். முறுக்கேறிய சுருள் ஸ்பிரிங் அது, பிரித்தால் தெறிக்கும். போதாததற்கு, மோதும்போது பெல்ட்டை இறுக்குவதற்கான சின்ன வெடிமருந்தும் இப்போதைய கார்கள் பலவற்றில் அங்கேயே இருக்கிறது.

கடைசியில் பார்த்தால் வெறும் அழுக்கு. வியர்வை, தலை எண்ணெய், நம்ம ஊர்ப் புழுதி. பெல்ட்டை முழுக்க இழுத்து, திரும்பப் போகாமல் கிளிப் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். தோள் பக்கத்து வளையத்தில்தான் அசல் பிசுக்கு. துணி கன்னங்கரேல் என்று ஆனது. நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட்டேன். பிளீச்சிங் வேண்டாம், நார் பலம் போய்விடும். எண்ணெய் விட்டால் இன்னும் தூசிதான் ஒட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:
எங்கள் வீட்டில் பக்கிள், அதாவது பெல்ட்டை மாட்டும் பூட்டு, அதில் பிரச்சினை. பெல்ட்டின் உலோக நாக்கைச் செருகினால் 'டக்' சத்தம் இல்லை. உள்ளே பிள்ளைகள் தின்ற முறுக்குத் தூள்! வாக்குவம் போட்டதும் சரியானது. அப்புறம் ஒரு சந்தேகம்: பார்த்து வைத்திருக்கும் பழைய கார் முன்பு இடிபட்டதாம். பெல்ட் நன்றாகத்தான் வருகிறது.

முதலியார்பேட்டை:
அதை மட்டும் நம்பாதீங்க. கடைசிவரை இழுத்து, இழை தேய்ந்தோ அலையாக நெளிந்தோ இருக்கிறதா பாருங்க. பலமான இடி என்றால் பெல்ட், பெட்டி, பக்கிள் மூன்றையும் செட்டாக மாற்றணும். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் கவனிங்க. எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்கப் பல்பைக் கழற்றியிருக்கலாம்.