புது இழைப்புளி: அடியைத் தேய்க்க வேண்டுமா, தகட்டைத் தீட்ட வேண்டுமா?

தேக்குப்பலகை:
நான்காம் எண் இரும்பு இழைப்புளி ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று எண்ணெய். அப்படியே வேப்பம்பலகையில் வைத்துத் தள்ளினேன். சீவல் வரவில்லை, கறைதான் விழுந்தது. அடியைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் புது இழைப்புளியைப் பயன்படுத்தவே கூடாது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

மட்டக்கோல்:
உண்மைதான். கனமான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டுங்கள். அடியில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, அவை அத்தனையும் அழியும் வரை தேயுங்கள். அடி கோணலாக இருந்தால் தகடு எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை.

சாணைக்கல்:
ஐயா, இதை நான் ஏற்கமாட்டேன். எத்தனை பேர் முதல் நாளிலேயே அடியைத் தேய்க்கிறேன் என்று ஓரங்களை உருட்டிவிட்டு வருகிறார்கள்! அந்த எண்ணெய் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்புவது. எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிறகு தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதுகில் மெல்லிய வரிகள் தெரியும், ஆலையில் இயந்திரம் விட்ட தடம். கூர் என்பது இரண்டு முகங்கள் சேரும் கோடு. ஒரு முகம் வரிவரியாக இருந்தால் அந்தக் கோடும் ரம்பப் பல்லாகத்தான் இருக்கும். முனையை ஒட்டிய அரை அங்குலம் கண்ணாடிபோல மின்னினால் போதும், முழு முதுகையும் தேய்க்க வேண்டியதில்லை. அதன்பின் சரிவு முகத்தை 30 பாகையில் தீட்டுங்கள்.

மட்டக்கோல்:
தகட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அடியில் வாய்க்கு, அதாவது தகடு எட்டிப்பார்க்கும் பிளவுக்கு, முன்னால் உள்ள பகுதி குழிந்திருந்தால்? தகடு இறங்கும் இடத்தில் மரத்தை அழுத்திப் பிடிக்க ஒன்றும் இருக்காது, நார் பிய்ந்துவிடும். வேம்பில் கேட்கவே வேண்டாம்.

சாணைக்கல்:
அந்த இடம் குழிந்திருந்தால் நானும் தேய்ப்பேன். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் பட வேண்டும். இடையில் பள்ளம் இருந்தால் இருக்கட்டும். தேய்ப்பதாக இருந்தால் தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, தகட்டை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடியை வழக்கம்போல இறுக்கி வைத்தே தேயுங்கள். அந்த இறுக்கத்தில் அடி சற்று வளையும். கழற்றிவிட்டுத் தேய்த்தால் அளவு பொய்யாகிவிடும்.

கடலோரத் தச்சன்:
தேய்த்து முடித்தபின் என்ன செய்வீர்கள்? எங்கள் ஊர் உப்புக் காற்றில் வெறும் இரும்பை வைத்தால் சில நாளிலேயே செம்மண் நிறம். நான் தினமும் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

மட்டக்கோல்:
எண்ணெய் பலகையில் ஏறினால் பாலிஷ் பிடிக்காது, பசையும் ஒட்டாது. அடிக்கு மெழுகு பூசுங்கள். தள்ளவும் இலகுவாக இருக்கும்.

சாணைக்கல்:
இதில் ஐயாவோடு நான் ஒத்துப்போகிறேன். தேங்காய் எண்ணெய் தகட்டுக்கு இருக்கட்டும், வேலைக்கு முன் துடைத்துவிட்டால் போதும். கை வியர்வை பட்ட பக்கவாட்டையும் மறவாதீர்கள்; துரு அங்கேதான் தொடங்கும்.

தேக்குப்பலகை:
மார்க்கர் கோடு போட்டு நாலு முறை மட்டும் தேய்த்துப் பார்த்தேன். வாயின் முன்விளிம்பில் கோடு அழிந்துவிட்டது, வாய்க்குப் பின்னால்தான் அப்படியே நிற்கிறது. ஆகவே அடியை விட்டுவிட்டுத் தகட்டில் உட்கார்ந்தேன். இரண்டு மாலை பிடித்தது. இன்று அதே வேப்பம்பலகையில் வெங்காயத் தோல் போலச் சீவல் சுருண்டு வந்தது.