கட்ச் ரண் 1968: நடுவர் மன்றத்துக்குப் போனது சரியா?

வேலன்:
குஜராத்துக்கும் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்கும் நடுவே கிடக்கும் உப்புச் சதுப்பு நிலம் கட்ச் ரண். 1965 ஏப்ரலில் அங்கே இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் இடையில் புகுந்து பேசியதால் ஜூன் 30 அன்று சண்டைநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லையை முடிவுசெய்யும் பொறுப்பு மூன்று நடுவர்களிடம் போனது. 1968 பிப்ரவரி 19-இல் தீர்ப்பு. பாகிஸ்தான் கேட்டது சுமார் 3,500 சதுர மைல், கிடைத்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. துப்பாக்கியால் இதைச் சாதித்திருக்க முடியுமா?

செல்வி:
பத்தில் ஒரு பங்கு என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். போனது எது என்று பாருங்கள். மழைக்காலத்தில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போதும் மூழ்காத மேடு சாட் பேட். அந்த உப்பு நிலத்தில் மாடு மேயப் புல் கிடைப்பதே அப்படிப்பட்ட மேடுகளில்தான். இந்தியா நியமித்த நடுவர், யூகோஸ்லாவியாவின் அலெஷ் பெப்லர், கிட்டத்தட்ட முழு ரண்ணும் இந்தியாவுடையது என்றே எழுதினார். தலைவரான ஸ்வீடனின் லாகர்கிரென் பாகிஸ்தானின் நகர் பார்க்கர் பகுதிக்கு இரு பக்கமும் உள்ளே நுழைந்திருந்த ரண்ணின் இரண்டு இடுக்குகளைப் பாகிஸ்தானுக்குத் தந்தார். இந்தியாவிடம் விட்டால் உரசல் வருமாம்! நீதி கேட்டுப் போனவர்களுக்குச் சமரசமா கொடுப்பது?

வேலன்:
இடுக்குகள் விஷயத்தில் உங்கள் கோபம் புரிகிறது. சாட் பேட் அப்படியல்ல. அங்கே நூறாண்டுக்கும் மேலாக மேய்த்து வந்தவர்கள் சிந்துக்காரர்கள். யார் பயன்படுத்தினார்கள் என்று பார்ப்பதும் சட்டம்தான்.

கதிர்:
ஜூனில் கையெழுத்து, ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஊடுருவல், செப்டம்பரில் முழுப் போர். எதைத் தடுத்தது இந்த நடுவர் மன்றம்?

வேலன்:
போரைத் தடுக்கவில்லைதான், கதிர். ஆனால் அத்தனை பெரிய போருக்குப் பிறகும் இரு நாடுகளும் வழக்கைக் கைவிடவில்லை. தீர்ப்பை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்கக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நாடாளுமன்றத்தில் கொந்தளித்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அப்படியும் அரசு கொடுத்த வாக்கைக் காத்தது. 1969-இல் எல்லையைக் குறித்து முடித்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் சர் கிரீக் என்ற கடற்கழியின் எல்லை அந்த மன்றத்தின் முன் வரவில்லை. அது இன்னும் இழுபறியில்தான் கிடக்கிறது.

செல்வி:
அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த அரசு மூன்றாமவரைக் கூப்பிடும்?

வேலன்:
2014-இல் வங்கதேசத்தோடு நடந்த வங்கக் கடல் எல்லை வழக்கில், நடுவர் மன்றத் தீர்ப்பால், தகராறிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அவர்களுக்குப் போனது. இந்தியா ஏற்றுக்கொண்டதே!

செல்வி:
கடல் சட்ட உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதால் அந்த வழக்குக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. நிலத்துக்கு அப்படிக் கட்டாயம் கிடையாது. சர் கிரீக்கை 2007-இல் இரு நாட்டாரும் சேர்ந்தே அளந்தார்கள். அளவு கையில் இருக்கிறது, டெல்லியும் இஸ்லாமாபாத்தும் உட்கார்ந்து முடிக்கட்டும்.

வேலன்:
எப்போது உட்காருவார்கள்? அதுவரை, கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, குஜராத் மீனவர் கராச்சி சிறையிலும் சிந்து மீனவர் குஜராத் சிறையிலும் கிடக்க வேண்டுமா?